துண்டுக்கு அடியில் ஒரு கார்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதென்று முடிவானபோது, வீட்டில் இருந்ததே அப்பாவும் நானும்தான். ஊர்க் கோயில் கொடைக்கென்று தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போன அம்மா, கொடை முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் திரும்பி வரவில்லை. எனக்குப் பரீட்சை இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தாள். இருவருக்கும் நடுவே என்ன சண்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா போனில் கெஞ்சிய ஒருநாள், "அந்தப் பஸ்ஸுல இடிபட்டு நசுங்கி இனிமே என்னால வர முடியாது" என்று சொன்னாளாம். அம்மா சொல்கிற நூறு வார்த்தைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் காற்றில் விட்டுவிடுவது அப்பாவின் சுபாவம். அந்தத் தடவை அவர் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். ஒரு கார் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். நானும் நம்பினேன். எனக்காவது பத்து வயது. அவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

நாங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்துப் பனியன் நகரத்தில், ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஏற்றுமதிச் சரக்கு அவசரமென்றால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்து, காலையில் ஆக்கி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்காக அல்ல, வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டுமே என்பதற்காக. பக்கத்து அறையில் வடநாட்டுப் பையன்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாததே எனக்குப் பெரிய துக்கமாக இருக்கும்.

கார் காங்கேயத்தில் இருப்பதாகக் கம்பெனியில் யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்து, அதை விற்றுவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில். கண்ணில் புரை விழுந்திருந்ததால், இனிமேல் ஓட்ட வேண்டாம், காரை விற்றுவிடுங்கள் என்று மகன் போனிலேயே உத்தரவு போட்டிருந்தான். கார் கரும்பச்சை நிறம். வயதானதுதான், ஆனால் தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "என்னைய அப்புச்சின்னு கூப்புடு கண்ணு" என்று என்னிடம் சொன்னார். அம்மாவின் அப்பாவை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

விலை பேசும்போதுதான் வேடிக்கை. அவர் இளவயதில் மாட்டு வியாபாரமும் செய்தவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காரின் பானெட்டின் மேல் விரித்து, அதற்குள் கையை விட்டுக்கொண்டு அப்பாவையும் கையை உள்ளே விடச் சொன்னார். சந்தையில் மாட்டுக்கு அப்படித்தான் விலை பேசுவார்களாம். பிடிக்கிற ஒவ்வொரு விரலும் ஒரு பத்தாயிரம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கன நம்ம மூணு பேருதான ஐயா இருக்கோம், வாயால சொன்னா என்ன?" என்றார்.

"வண்டிக்குக் காது கேக்குமுங்க தம்பி. விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா மக்கர் பண்ணுமுங்க" என்றார் அவர், சிரிக்காமல். பிறகு துண்டுக்குள்ளேயே அப்பாவின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "பனியன் கம்பெனிக் கைங்களா? துணி புடிச்சுப் புடிச்சுக் காப்புக் காச்சிருக்குதுங்க" என்றார். அப்பாவின் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று விலை படியவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம். "போன வாரத்த விட ஏத்திட்டாரு பிள்ள" என்று அப்பா திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். உலகத்தில் எந்தப் பழைய கார் வாரத்துக்கு வாரம் விலை ஏறும்? ஆனால் ஒன்று, விலை ஏற ஏறப் பலகாரமும் கூடியது. முதல் வாரம் வெறும் காபி. பிறகு முறுக்கு, பிறகு பேக்கரிப் பன். கடைசியில் மூன்று தட்டில் பஜ்ஜி வைத்துக்கொண்டு வாசலிலேயே எங்களுக்காக நின்றிருந்தார். எனக்கு ஒரு பூப்பந்து மட்டை வேறு வாங்கி வைத்திருந்தார். ஒரு மட்டையை வைத்துக்கொண்டு யாரோடு விளையாடுவது என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். அவர்கள் பேசி முடிக்கும் வரை நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். முன்சீட்டு அம்மாவுடையது. அதில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஒரு ஞாயிறு கம்பெனியில் வேலை இருந்ததால் போக முடியவில்லை. மறுநாள் காலையிலேயே அவர் போன் செய்தார். கேட்ட விலையில் அரை விரல், அதாவது ஐயாயிரம், குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் அவசர அவசரமாகப் போனால் துண்டுக்குள் பழையபடி ஏறிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏமாற்றுக்காரக் கிழவர் என்று மனதுக்குள் திட்டினேன். அப்பாவோ கோபப்பட்டதாகவே தெரியவில்லை. மில் கதையையும் மாட்டுக் கதையையும் கேட்டுக்கொண்டு, தன் ஊரின் உப்பளத்தைப் பற்றிப் பதிலுக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் என்னிடம் பேசுவதைவிட அங்கே அதிகம் பேசினார். விலை படியாத வரைக்கும் அவர் ஊருக்குப் போய் அம்மாவின் முன்னால் நிற்க வேண்டியதில்லை. வளர்ந்து வெகுநாள் கழித்துத்தான் இப்படியும் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தெரு மெக்கானிக்கையும் ஒரு தடவை கூட்டிப் போனார் அப்பா. அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "வண்டி நல்ல வண்டிதானுங்ணா. ஆனா இந்த வெல அநியாயம். இதே காசுக்கு நாலு வருசம் புதுசா நான் புடிச்சுத் தாரனுங்ணா" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அந்த நாலு வருசம் புதிய காரைப் பார்க்க அவர் போகவே இல்லை.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தேன். டிவி போடக்கூட எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து அறைப் பையன்களும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். சாயங்காலம் அப்பா வந்து நெற்றியில் கை வைத்தபோது, இந்தக் கையைத்தானே அந்தப் பெரியவர் வாராவாரம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். "அவரு கேக்குறதக் குடுத்துருங்கப்பா" என்றேன். அப்பா கஞ்சி வைக்கப் போனார்.

அந்த ஞாயிறு சீட்டுப் பணத்தையும் கையிலிருந்ததையும் மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். பஜ்ஜித் தட்டு தயாராக இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. நேராகக் காரிடம் போனார். பெரியவர் துண்டை விரித்தார், இருவரும் கையை உள்ளே விட்டார்கள். நான் வழக்கம்போல உள்ளே ஏறிக்கொண்டேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"நீங்க கேட்டதே இருக்கட்டும் ஐயா" என்றார் அப்பா, வாய்விட்டே.

பெரியவர் மறு கையால் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார். "கொறைச்சுக் கேளுங்க தம்பி" என்றார்.

"வேண்டாம் ஐயா."

"போன வாரம் ஒரு வெல கேட்டீங்களல்லோ, அதையே கேளுங்க. நான் கட்டாதுங்கறேன். அடுத்த வாரம் பாக்கலாமுங்க."

"பிள்ளைக்கு அவ அம்மா வேணும் ஐயா" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "எனக்கும்தான்" என்றார்.

அம்மா வந்தாள். அந்தக் காரில்தான் வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து, இந்த ஓட்டை வண்டிக்கா இவ்வளவு கொடுத்தீர்கள் என்று மதுரை வரைக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவரிடமிருந்து போன் வரும். "வண்டி எப்படி ஓடுதுங்க தம்பி?" என்று கேட்பார். நன்றாக ஓடுகிறது, ஒருநாள் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பார் அப்பா. எங்களுக்கு ஞாயிறென்றால் வீடு நிறைய வேலை, வீடு நிறையப் பேச்சு. காங்கேயம் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் நாங்கள் போகவில்லை.

அன்றைக்குக் காருக்குள் இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏமாற்றுக்காரக் கிழவர் கடைசியில் ஜெயித்துவிட்டார், அதனாலென்ன, கார் நமக்கு வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கடைசியாக "செரிங்க" என்றார். விலை முடிந்துவிட்டது. இனிப் பிடிப்பதற்கு விரல் ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் துண்டு பானெட்டின் மேல் அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கையை வெளியே எடுக்கவில்லை. இவர்கள் இன்னும் எதற்கு விலை பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கி, ஹாரனை நீளமாக அழுத்தினேன்.