தாத்தா காலத்து மதுவில் ஒரு கிண்ணம்

எனக்கு எழுபத்தொரு வயது. புருஷன் போன பிறகு ஐந்து பிள்ளைகளை ஒற்றையாக வளர்த்தேன். ஒரு பெண்ணைத் திருடி என்று துரத்தவும் விட்டேன். எடுத்தவள் நான்!

இங்கே பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல் செய்தேன். பல தலைமுறையாக நுரை பொங்கும் திராட்சை மது செய்கிற குடும்பம் அவருடையது. மேசை வேலை பார்த்த பர்மாக்காரப் பெண் மா சூ. துரை பேசுவதை அவள்தான் எனக்கு விளக்குவாள்.

"ஒவ்வொரு வருசத்துப் பழமும் ஒவ்வொரு ருசியாம், அம்மா. பழைய வருசத்து மதுவை எடுத்து வச்சு, புதுசோட கலப்பாங்களாம். கலந்து புட்டியில அடைச்சப்புறம்தான் உள்ளே நுரை பிறக்குமாம். அந்தக் கலக்குற கைதான் அவங்க பரம்பரைச் சொத்தாம்."

"கலப்படக்காரனுக்குப் பெருமையைப் பாரு!"

அவள் சிரித்தாள். என் கடைசி மகன் அந்தச் சிரிப்பில்தான் விழுந்து கிடந்தான்... பர்மாக்காரி எனக்கு மருமகளா?

விருந்தாளிகளுக்குக் கலந்து காட்டத் துரை சில புட்டிகள் வரவழைத்திருந்தார். ஒன்று, அவருடைய தாத்தா எடுத்து வைத்த மது. முனீஸ்வரனுக்கு நான் எப்போதும் ரம்தான் வைப்பேன். இந்த வேண்டுதலுக்கு ரம் போதுமா? அந்தப் பழையதில் ஒரு கிண்ணம் கொண்டுபோய்ப் படைத்தேன். என் மகனை அவளிடமிருந்து பிரித்துவிடு, அப்பனே!

குறைந்ததைப் புது மதுவால் நிரப்பினேன். கலப்பதுதானே அவர்கள் வழக்கம்? குற்றமாகவே தோன்றவில்லை...

விருந்தில் துரை முதலில் பழையதைத் தனியாக ருசித்தார். ஒரே வாய்... முகம் கறுத்துவிட்டது! அலமாரிச் சாவி மா சூவின் பொறுப்பு. அன்று காலை அதை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அவளுக்குத் தெரியும்! என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. நான் குனிந்து வெங்காயம் அரிந்தேன். அவளைத் திருடி என்று அன்றே துரத்திவிட்டார் துரை.

சாமி கேட்டதைக் கொடுத்தது என்று அன்று மகிழ்ந்தேனே... நானும் ஒரு பெண்தானா?

அவள் ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். மகன் பின்னாலேயே போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

இன்று என் வீட்டு மருமகள். எந்தச் சாவியையும் தொடமாட்டாள். "நீங்களே தொறந்து எடுங்க, அம்மா" என்பாள். மாமியாருக்கு என்ன மரியாதை என்கிறது ஊர். அது மரியாதையா? நீங்களே சொல்லுங்கள்!

மன்னிப்புக் கேட்க நாக்கு வளையவில்லை. அதனால் இந்தக் கோணல் எழுத்து...

பேத்தி, கோயில் வகுப்பில் கற்ற தமிழ்தானே, படித்துக் காட்டு. உன் அம்மாவுக்கு நம் எழுத்து தெரியாது, காது கேட்கும். அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரிப் படி. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.