சுவராக உட்கார்ந்து பார்த்த படம்

சினிமா தியேட்டரில் எங்கள் குடும்பம் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. மனைவியும் மகளும் உள்பக்கம். வேற்று ஆண்கள் யாரும் உரசிவிடாதபடி நான் அவர்களுக்கு இந்தப் பக்கம், சுவர் மாதிரி. போன வாரம் பாலக்காட்டில் அந்தக் காதல் படத்துக்குப் போனபோதும் அப்படித்தான். டிக்கெட் எடுத்தவள் மகள்.

படத்தில் இரண்டு காதல். திரை மஞ்சளாக இருந்தால் அந்தக் காலம், பள்ளிவாசல் என்ற மலையூரின் தேயிலைத் தோட்டம். நீலமாக இருந்தால் இந்தக் காலம், கொச்சி. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒட்டுமீசை. காதலைப் பிரிக்கும் அப்பாவுக்கு மட்டும் அசல் மீசை; நியாயமும் அவரிடம்தான் இருந்ததாக எனக்குப் பட்டது. என் பக்கத்து இருக்கை இளைஞன் மஞ்சள் வந்தபோதெல்லாம் மூக்கை உறிஞ்சினான்.

இடைவேளையில் மகள் சொன்னாள்: "அப்பா, நான் ஒருத்தரை விரும்பறனுங்க. கஞ்சிக்கோட்டுல எங்க கம்பெனிதான். மலையாளத்துக்காரருங்க."

கையிலிருந்த சாயா என் மடியில் கொட்டியது.

"இதைச் சொல்ல வேற எடமே கெடைக்கலையா கண்ணு?"

"பாதிக்கு மேல அந்த அப்பா திருந்திருவாருங்க. அதையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாங்க முந்தியே பாத்துட்டமுங்க," என்றாள் மனைவி. "மூணு பேரும்."

"மூணாவது யாரு?"

பக்கத்து இளைஞன் எழுந்து கைக்குட்டையை நீட்டினான். "அங்கிள், பேன்ட்ல சாயா."

நான் எங்கே உட்காருவேன் என்று மகளுக்குத் தெரியாதா என்ன? அதற்கேற்ற மாதிரி அவனுக்கு இடம் பிடித்திருக்கிறாள்.

"ரெண்டாந்தடவை பாக்கற படத்துக்கா தம்பி அப்படி அழுதீங்க?"

"எப்பப் பாத்தாலும் கரச்சில் வரும் அங்கிள். அந்த அப்பா சம்மதிக்கறதுக்குள்ள அவங்களுக்கு வயசாயிரும்."

இரண்டாம் பாதி எனக்கு ஏறவில்லை. எங்கள் ஊர் ஆனைகட்டியில் பங்காளிகள் என்ன பேசுவார்கள், இவன் வீட்டில் அவளை எப்படி வைத்திருப்பார்கள், மாமியாரோடு எந்தப் பாஷையில் சண்டை போடுவாள்? திரையில் அந்த அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி காதலர்களின் கைகளைச் சேர்த்துவைத்தார். காதலனுக்கு முக்கால் தலை நரைத்திருந்தது. எனக்கு இப்போதே ரத்த அழுத்தம். அதுவரைக்கும் இழுத்தடிக்க என்னால் ஆகாது.

வெளியே வந்ததும் சொன்னேன்: "ஞாயித்துக்கெழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க தம்பி. வந்து பேசட்டும். சம்மதம்னு நான் சொல்லலை."

நாளை ஞாயிறு. என்ன பேசுவது என்று காலையிலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அவனுடைய அப்பாவுக்கும் அதே நிலைமைதான் என்று மகள் சொன்னாள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.