மாதுளை மஞ்சளித்த மார்கழி

ஜெயபாரதி கையில் துளசிகூட நிற்காது என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வங்கி வேலையை விட்டுவிட்டு சவூதியின் ஜுபைலுக்கு வந்த புதிதில் அவள் வைத்த ரோஜா, ஒரே கோடையில் கருகிப் போனது. ஆசையாக வளர்த்த கறிவேப்பிலையும் அதே வழியில் போயிற்று. பெட்ரோகெமிக்கல் பிளான்டில் என்ஜினியராக இருந்த அவள் கணவர் முத்துராமன், "விடு பாரதி, உனக்கும் செடிக்கும் ராசியில்ல" என்று சிரிப்பார். அவளுக்கும் சிரிப்பு வரும், ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும்.

அதனால்தான் 2006 நவம்பரில் பக்கத்து வீட்டு ரஹீமா பீவி தன் கொல்லைக் கதவின் சாவியை நீட்டியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரஹீமா கீழக்கரைக்காரர். மகளுக்குப் பிரசவம் என்று கணவரும் அவருமாக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் மூன்று மாதுளங்கன்றுகள் தோளுயரத்துக்கு நின்றன. முன்பு குடியிருந்த மலையூர் தாயிஃபிலிருந்து கொண்டுவந்து வளர்த்தவை.

"எங்கிட்டயா அக்கா? நான் தொட்டா பட்டுப் போயிருமுங்க."

"ஒண்ணும் ஆகாது பாரதி. தண்ணி மட்டும் ஊத்து. மிச்சத்தை அல்லா பாத்துக்குவான்."

ஒரு மாதம் வரை எல்லாம் நன்றாகவே போனது. மகன் வருண் பள்ளிப் பேருந்தில் ஏறியதும், அவள் பக்கத்துக் கொல்லையைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் விட்டாள். டிசம்பரில் வடக்குக் காற்று வீசத் தொடங்கியது. ஒருநாள் காலை முதல் கன்றின் நுனிக் கிளையில் சில இலைகள் மஞ்சளாகியிருந்தன. மறுநாள் கிளை முழுக்க மஞ்சள். அடுத்த கன்றுக்கும் அது பரவியது.

தண்ணீரைக் கூட்டினாள். பயந்து குறைத்தாள். மோர் கரைத்து ஊற்றினாள். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் மஞ்சள் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிக் கடைப் பையில் அடைத்து, முத்துராமன் கண்ணில் படும் முன் குப்பைத் தொட்டியில் போட ஆரம்பித்தாள். இரண்டு கன்றுகளும் கொஞ்சங்கொஞ்சமாக மொட்டையாகின.

ஊரிலிருந்து ரஹீமா போன் செய்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம் என்றார். அப்புறம், "மாதுளை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முத்துராமனை இழுத்துக்கொண்டு செடிக் கடைக்குப் போனாள். கடைக்காரப் பாகிஸ்தானி அவள் விவரித்ததைக் கேட்டுவிட்டு, "சர்தி, சர்தி" என்று கையை வீசிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சர்தி என்றால் குளிர் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. குளிர்தான் கொல்கிறது என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் மொட்டைக் கன்றுகளுக்குப் போர்த்திக் கட்டினாள்.

ரஹீமா திரும்பி வந்த அன்று, கொல்லையில் போர்வை போர்த்திக்கொண்டு இரண்டு உருவங்கள் நிற்பதைப் பார்த்து, "யா அல்லா!" என்று கத்தியேவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெயபாரதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்க அக்கா. போன்ல பொய் சொல்லிட்டேன். கொன்னுட்டேனுங்க."

ரஹீமா போர்வையை அவிழ்த்தார். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே ஈரமாய்ப் பச்சை தெரிந்தது.

"உசிரு இருக்கே. எலயெல்லாம் எங்க?"

"எல்லாம் மஞ்சளாப் போச்சுங்க்கா. பரவிரக் கூடாதுன்னு நான்தான் கிள்ளிப் போட்டேன்."

ரஹீமா அப்படியே படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அடிப் பாவி! அந்த மஞ்சளப் பாக்கத்தானே நான் மவ வீட்டுலேர்ந்து ஓடியாந்தேன். நம்ம ஊரு மாதுளை எப்பவும் பச்சையா நிக்கும். இங்க குளிரு வந்தா மஞ்சளாகித்தான் உதிரும். தாயிஃப்ல தோட்டம் தோட்டமா நிக்கும், பாரு, கண்ணு கூசும். ஒனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு சொல்லாமப் போனேன், எம்புத்தி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெயபாரதியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது, பல நாட்களாக மறந்திருந்த பசி வந்துவிட்டது. ரஹீமா ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் அல்வாவைப் படியிலேயே உட்கார்ந்து தின்றாள்.

அடுப்படிச் சுவரோரம் காற்றுக்கு மறைவாக நின்ற மூன்றாவது கன்று அதுவரை பச்சையாகவே இருந்தது. ஒரு வாரத்தில் அதுவும் மாறியது. இந்த முறை யாரும் அதைத் தொடவில்லை. அடியிலிருந்து நுனி வரை, மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம் போல ஒரே மினுமினுப்பு. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தபோது ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. மணல் நிறச் சுவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது திகட்டவில்லை. இரண்டு வீட்டாரும் நாற்காலி போட்டு டீ குடித்தார்கள். முத்துராமன் கேமராவோடு கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மொட்டையடிச்ச ரெண்டையும் எடுங்க தம்பி. அதுவும் பாரதி கைவேலதான்" என்றார் ரஹீமா.

காற்றடிக்கும்போதெல்லாம் நாலு இலை சுழன்று தரையில் இறங்கியது. ஜெயபாரதி அவற்றைக் கூட்டவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை.

ஆனாலும் இலை பறித்த அந்த இரண்டும் துளிர்க்குமா என்ற சின்ன உறுத்தல் அவளுக்கு இருந்தது. ரஹீமா வந்த பிறகும் காலைத் தண்ணீர் அவள் வேலையாகவே இருந்தது. பிப்ரவரியில் ஒரு காலை அவற்றின் கணுக்களில் செம்பு நிறத்தில் தளிர் கொத்துக் கொத்தாக எட்டிப்பார்த்தது. அவள் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு, ரஹீமா வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.