இரண்டாவது உலக்கைக்கு விட்ட இடம்

நியாஹராவா சோளம் இடிப்பதை எங்கள் ஊரில் எல்லோரும் கேலி செய்வார்கள். விடிந்ததும் ஒவ்வொரு முற்றத்திலிருந்தும் உலக்கைச் சத்தம் எழும். அவர் முற்றத்துச் சத்தம் மட்டும் தனியாகத் தெரியும். ஒரு குத்து விழும். அடுத்தது விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அப்புறம் மறுபடி ஒரு குத்து. "நொண்டி தண்ணி எடுக்கப் போறான்" என்று அடுத்த வீட்டுப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழும். உலக்கையை நிறுத்தாமலே, "உங்க வீட்டு உலக்கைக்கு ரெண்டு காலும் இருக்கில்ல, முன்னால ஓடட்டும்" என்பார்.

எனக்கு அவர் பெரியம்மா முறை. எங்கள் பக்கம் கல்யாணமானாலும் பெண்ணுக்குப் பிறந்த குலத்தின் பெயர்தான் நிற்கும். ஹராவா குலத்தில் பிறந்ததால் நியாஹராவா. அவர் கணவர் லுஹாங்கா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெரியப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி தலைநகர் லிலோங்வேயில் இருக்கிறாள். வேலை தேடி நாடு விட்டு ஜோனிக்குப் போன மகன், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வதோடு சரி. பெரியம்மாவுக்குத் துணை ஒரு வெள்ளாடும், வாசல் மாமரமும், அதன் நிழலில் கிடக்கும் உரலும்தான். தெருமுனையில் டீசல் மாவுமில் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மற்றவர்கள் தவிடு போக இடித்துவிட்டு மாவுக்கு மில்லுக்குப் போவார்கள். பெரியம்மா மாவையும் உரலிலேயே இடிப்பார்.

எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கிற படத்தை, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி அப்பா வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். இடம் மாற்றும்படி நானும் சொன்னதில்லை. படித்து முடித்ததும் ரும்பியில் சமூக வானொலியில் வேலை கிடைத்தது. ஞாயிறு மதியம் நேயர் விருப்பம் என் பொறுப்பு. அந்த நிகழ்ச்சியில் எந்தப் பாட்டை விட்டாலும் விடலாம், உலக்கைப் பாட்டை மட்டும் விட முடியாது.

எங்கள் ஊர் அந்தப் பாட்டுக்கு வைத்த பெயர் அதுதான். எங்கள் ஊரிலிருந்து போய் முசூசுவில் கிதார் வாசிக்கும் ஒருவன் தன் குழுவோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்தான். பழைய பாட்டு என்றுதான் அவனும் சொன்னான்.

என் உலக்கை விழுந்தாச்சு, உன் உலக்கை எங்கே?
மலைக்கு அந்தப் பக்கம் கேக்குதா, என் கண்ணே?
ஒத்தைக் கை இடிச்ச மாவு
எத்தனை சலிச்சாலும் கல்லாத்தான் இருக்கு.

இவ்வளவுதான் பாட்டு. இதையே திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மத்தளம் 'தும்' என்று விழும். 'என் கண்ணே' வருகிற இடத்தில் கேட்கிறவர்கள் தங்கள் ஆளின் பெயரைப் போட்டுப் பாடுவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. மினிபஸ்ஸில் இந்தப் பாட்டு வந்தால் அந்த ஓர் இடத்தில் ஆளுக்கொரு பெயர் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

புகையிலை ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவர், பாட்டு முடியும் வரை வண்டியை ஓரங்கட்டி விடுவதாகப் போனில் சொன்னார். முஹுஜுவிலிருந்து ஒரு புதுப்பெண் இனி இந்தப் பாட்டைப் போடவே வேண்டாம் என்று கெஞ்சினாள். மறுவாரம் அவளே கூப்பிட்டு ஏன் இன்னும் போடவில்லை என்று சண்டைக்கு வந்தாள். போலீஸ்காரர் ஒருவர் யாருக்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். நான் விடாமல் கேட்கவும், "நாய்க்குப்பா. நல்ல நாய். சிரிக்காதே" என்று போனை வைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

சம்பளம் வந்த ஒரு சனிக்கிழமை பெரியம்மாவுக்குச் சின்ன ரேடியோ ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மாமரத்தடியில் வைத்துத் திருகியதும் சொல்லிவைத்தாற்போல் உலக்கைப் பாட்டு வந்தது. நான் வேலை பார்க்கிற நிலையம் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மத்தளத்தை நிறுத்தச் சொல்லேன்."

அது பாட்டோடு சேர்ந்தது, தனியாக நிறுத்த முடியாது என்று விளக்கினேன்.

"அவ இடத்துல உக்காந்திருக்குது" என்றார்.

பெரியப்பா நினைவு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அப்படித்தான் ஊரும் எண்ணியது. சர்ச்சு மகளிர் சங்கத்தில் இந்தப் பாட்டு வரும்போதெல்லாம் யாராவது பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 'அவ' என்றாரே? யார் என்று கேட்டேன். கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

நான் பிறக்கும் முன்பு லுஹாங்காவுக்கு இரண்டு மனைவிகள். பெரியம்மா மூத்தவர். இளையவள் நியாமுந்தாலி, மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் பிறந்தவள். சக்களத்திகள் ஒரே உரலில் இடிக்கக் கூடாது, உலக்கை தலையில் விழும் என்று ஊரில் சொல்வார்கள். இவர்கள் இருவரும் ஒரே உரலில்தான் இடித்தார்கள். ஒருத்தி உலக்கை மேலே போகையில் மற்றவள் உலக்கை கீழே விழும். உரலடிக்கு எங்கள் பக்கம் ஒரு சட்டம் உண்டு. அங்கே பாட்டாகப் பாடுகிற குறைக்கு மாமியாரோ புருஷனோ கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒருத்தி பாட்டில் கேள்வி போட்டால், எதிரே உலக்கை பிடித்திருப்பவள் பதில் பாடியே ஆக வேண்டும். அந்தப் பதிலை வேறு யாரும் பாடக் கூடாது. லுஹாங்காவின் குறட்டை முதல் கொழுந்தனின் குடி வரை இருவரும் பாடித் தீர்த்தார்கள்.

பிறகு பெரியப்பாவுக்கு சர்ச்சில் மூப்பராகும் ஆசை வந்தது. ஒரு மனைவிக்குக் கணவனாக இருந்தால்தான் அது நடக்கும். முதலில் வந்தவள் இருக்கட்டும் என்று முடிவானது. நியாமுந்தாலியின் அண்ணன்மார் வந்து அழைத்துப் போனார்கள். அவளுக்கு அப்போது குழந்தை இல்லை. ஊர்ப் பெண்கள் பெரியம்மாவிடம் வந்து, "ஜெயிச்சுட்ட, நியாஹராவா" என்றார்கள். துரத்தியது பெரியம்மாதான் என்று ஊரே நம்பியது.

"அவளும் அப்படித்தான் நினைச்சுட்டுப் போயிருப்பா. நான் வாயைத் திறக்கல. திறந்திருக்கலாம். யாரும் என்கிட்ட கேக்கல, நானும் சொல்லல. மறுநாள் காலைல உலக்கையை எடுத்தேன். ஒரு குத்து போட்டேன். அப்புறம் கை தானா நின்னுச்சு."

அந்த நிற்றலில் வந்த பாட்டுதான் அது. 'என் கண்ணே' என்று குழு பாடுகிற இடத்தில் முதலில் இருந்தது நியாமுந்தாலி என்ற பெயர். மத்தளம் விழுகிற இடத்தில் முதலில் இருந்தது வெறும் மௌனம். அது பதிலுக்கு விட்ட இடம். வருஷக்கணக்காக அவர் அந்த இடத்தை விட்டுவிட்டே இடித்துக்கொண்டிருக்கிறார். தள்ளிவைக்கப்பட்டவளின் ஊருக்கு மூத்தவள் நேரில் போனால் குத்திக்காட்ட வந்ததாகத்தான் அவள் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். அதனால் போகவும் வழியில்லை. நியாமுந்தாலி மறுபடி கல்யாணமாகிப் போனாள் என்பதற்கு மேல் எந்தச் சேதியும் தெரியாது.

"நாடு பூரா அழுவுதுன்னு சொல்ற. அழுவட்டும், வேணாம்னு சொல்லல. அவ பேரோட ஒரு தடவை அவ காதுல விழணும். என் மேல கோவமா இல்லையான்னு அவ சொல்லணும். அவ்வளவுதான்."

மறுவாரம் பதிவுக் கருவியோடு போனேன். பெரியம்மா நாலு பிடி சோளத்தை உரலில் போட்டு, நின்று இடித்துக்கொண்டே பாடினார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு குத்தின் இடத்தைக் காலியாக விட்டார். முடித்ததும் மூக்கால் ஒரு நீண்ட மூச்சு. அதையும் வெட்டாமல் விட்டேன். நிலையப் பொறுப்பாளர் ஞிரோங்கோ கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். வானொலியில் மௌனம் போனால் ஜனங்கள் நிலையம் செத்துவிட்டது என்று நினைப்பார்கள் என்றார். ஒரே ஒரு தடவை என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

ஞாயிறு மதியம் போட்டேன். இதுதான் பாட்டின் மூலம், எங்கள் ஊர் நியாஹராவா நியாமுந்தாலிக்காகப் பாடியது என்று மட்டும் சொன்னேன். பாட்டு முடியும் முன்பே போன் மணி அடிக்கத் தொடங்கியது. சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது என்றார்கள். யாரோ கிழவியைப் பிடித்து எங்கள் பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். லாரி டிரைவருக்கு நிஜமாகவே வருத்தம். "என் தம்பி பேரைப் போடுற இடத்துல அந்தம்மா வேற யார் பேரையோ போட்டுடுச்சே, தம்பி" என்றார், ஏதோ என் தவறு போல. போலீஸ்காரர் மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியம்மா அன்று முழுக்க ரேடியோவை அணைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். திங்கள், செவ்வாய் போனது. நியாமுந்தாலி என்று அந்தக் குலத்துப் பெண்கள் எல்லோரையும்தான் கூப்பிடுகிறார்கள். யார் என்று எப்படித் தெரியும் என எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரைச் சிட்டிம்பாவிலிருந்து ஒரு போன். பின்னால் மீன் சந்தையின் இரைச்சல்.

"நியாஹராவா அக்கா உசுரோடதான் இருக்காங்களா?"

இருக்கிறார் என்றேன்.

"கடையில இருந்தவங்க உன் பேரு வருது பாருன்னு சிரிச்சாங்க. நான் கண்டுக்கல. பாடி முடிச்சு மூக்கால ஒரு மூச்சு விட்டாங்க பாருங்க, அங்கதான் பிடிபட்டுச்சு. அக்காவோட மூச்சு."

பெரியம்மாவின் கேள்வியை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"கோவமா? எனக்கா? எங்க அண்ணனுங்க கூட்டிட்டுப் போனப்ப வெளியத்தான் அழுதேன் தம்பி. உள்ளுக்குள்ள, அப்பாடா தப்பிச்சேன்னுதான் இருந்துச்சு. இங்க வந்து கல்யாணமாச்சு, நாலு புள்ளைங்க, உசிபா கருவாட்டுக் கடை. அக்கா நல்லவங்க. இதையா இத்தனை நாள் மனசுல வச்சிருக்காங்க?"

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு மறுபடி பேசினாள்.

"அந்த மத்தளம் போட்ட பாட்டுக்கு நான் அழுவாத ஞாயித்துக்கிழமை கிடையாது. என் மூத்தவன் ஜோனில இருக்கான், சேதி இல்ல. அவன் பேரைப் போட்டுத்தான் பாடுவேன். அது எனக்குன்னு பாடினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு பதில் பாட்டுப் பாடித்தர முடியுமா என்று கேட்டேன். உலக்கை பிடித்தே வருஷங்களாகிவிட்டன, எல்லாம் மில்தான், உரல் பாட்டெல்லாம் மறந்துபோச்சு என்றாள். மத்தளம் போட்டதுதான் தனக்குப் பிடிக்கிறது என்றும் சொன்னாள். "அக்கா பாடினது நடுநடுவுல நின்னு நின்னு போச்சு. பெட்டி கெட்டுப்போச்சுன்னு நிக்கும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டினேன்." முழங்கால் வலி குறைந்ததும் ஒரு நாள் வருவதாகச் சொல்லச் சொன்னாள். யாரோ கருவாடு விலை கேட்கவும் போனை வைத்துவிட்டாள்.

நாளைக்கு ஆயிரம் பேர் கேட்கப்போவதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒருவரிடம் போய் இதைச் சொல்வது எப்படி என்று மினிபஸ் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. இருந்தபடியே சொல்லிவிட்டேன். தப்பிச்சேன் என்றதை, நாலு பிள்ளைகளை, பாட்டு மறந்ததை, மகன் பெயரை.

பெரியம்மா முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கோவம் இல்லையாமா?"

"இல்லையாம்."

"நல்லாத்தான் இருக்கா."

"நல்லாத்தான் இருக்காங்க. ஒரு நாள் வர்றேன்னாங்க."

"சொல்லுவா" என்றார். பதர் காற்றில் பறந்தது. வெள்ளாடு வந்து முறத்தில் வாயை வைத்தது. வழக்கமாகத் துரத்துபவர், அன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து, ரேடியோவைத் தட்டிய கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்ப எப்பத் தட்டினா?"

"சத்தம் நின்னப்ப எல்லாம்."

"நான் விட்ட இடத்துலயா?"

"அந்த இடத்துலதான், பெரியம்மா."

"ஒவ்வொண்ணுக்குமா?"

ஒவ்வொன்றுக்கும்தான் என்றேன். மாமரத்தடி உரலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, களி கிண்டுகிறேன் சாப்பிட்டுப் போ என்று எழுந்தார்.

அன்று ஊரிலேயே தங்கினேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது முற்றங்களில் இடிக்கிற சத்தம் கேட்டது. நொண்டிச் சத்தத்தைத் தேடினேன், காணோம். பெரியம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். இடித்துக்கொண்டுதான் இருந்தார். குத்துக்குப் பின்னால் குத்து, இடைவெளி இல்லாமல், தனியாக இடிக்கிற எந்தப் பெண்ணையும் போல. பாட்டு இல்லை. பக்கத்து வீட்டில் யாரும் சிரிக்கவுமில்லை. சாலை வரைக்கும் வந்து நின்று கேட்டேன். மற்ற சத்தங்களுக்கு நடுவே அவருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை.