வேன் மாமாவின் கவனிப்புப் பாடம்

மழலையர் பள்ளி வேன் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்துவிடும். ஓட்டுகிறவரின் பெயர் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் வேன் மாமாதான். அழுதுகொண்டே ஏறும் பிள்ளைகூட, அவர் வாத்து மாதிரி கத்திக் காட்டினால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிடும். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒட்டிக்கொண்ட அந்த மனிதரிடம் ஒட்டாத ஒரே பிள்ளை, அவர் பெற்ற மகள்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் பிறந்தபோது அவர் நெடுந்தூர லாரியில் இருந்தார். அதற்குப் பிறகும் லாரியில்தான் இருந்தார். எப்போதாவது வீட்டுக்கு வருவார், அடித்துப் போட்டமாதிரி தூங்குவார், துணி மாற்றிக்கொள்வார். பிள்ளை பார்த்தால் அழுவாளே என்று, அவள் தூங்கும்போதே கிளம்பியும் போய்விடுவார். தெருவில் லாரி போனால் மனைவி குழந்தைக்குக் காட்டுவாள்: "அதோ பாரு, அப்பா லாரி." குழந்தை அதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டது. முதுகுவலி முற்றி, இனி நெடுந்தூரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, அவர் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார். மூன்று வயது மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மா, லாரி வந்திருக்கு."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஒரு வருடம் கழித்தும் அவர் லாரியாகவே இருந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வேன் ஓட்டப் போன இடத்தில், பள்ளியை நடத்துகிற அம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னார். "மாலைக் கல்லூரியில குழந்தைக் கல்வி ஆசிரியர் பயிற்சி இருக்கு. படிச்சு முடிங்க, வகுப்புக்குள்ளயே வேலை தர்றேன்." வேன் மாமா மறுபேச்சுப் பேசாமல் சேர்ந்துவிட்டார். சம்பளத்துக்காக என்று மனைவியிடம் சொன்னார். தன் பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேருவது என்று அந்தக் கல்லூரியில் யாராவது சொல்லித் தருவார்கள் என்ற ஆசையை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் நாள் வகுப்பில் இளம்பெண்கள் நிறைந்திருந்தார்கள். வாசலில் தயங்கி நின்றவரைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "யாரையாவது இறக்கிவிட வந்தீங்களா மாமா?"

"ஆமாம்மா, என்னைத்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

களிமண் பிசைந்தார். அபிநயத்தோடு பாடக் கற்றுக்கொண்டார். கற்றதையெல்லாம் சூட்டோடு சூடாக வீட்டில் பரீட்சை செய்து பார்த்தார். பிள்ளை செய்வதை நாம் வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று ஒரு பாடம் நடந்தது. அன்று மகள் படம் வரைந்துகொண்டிருக்க, எதிரே போய்க் குனிந்து நின்றார். "சிவப்பு எடுத்துட்டீங்க. வட்டம் போடுறீங்க. இன்னொரு வட்டம் போடுறீங்க."

மகள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். "அம்மா, லாரி பேசிட்டே இருக்கு."

"பிள்ளைகிட்டப் பேசுறீங்களா, மேட்சுக்கு வர்ணனை சொல்றீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேலி சட்டென்று வடிந்துவிட்டது. "என்னங்க, அக்காகிட்டப் பேசிட்டேன். டாக்டர் சேரச் சொன்ன தேதிக்கு முந்தின நாள் வந்து இவளைக் கூட்டிட்டுப் போயிடுவா. பிரசவமாகி நான் தேறி எழுந்திருக்கிற வரைக்கும் அங்க இருக்கட்டும்."

"எதுக்கு? நான் இருக்கேன்ல."

"இருக்கீங்க. உங்ககிட்ட வர மாட்டாளே. அங்க படுத்துக்கிட்டு, இங்க இவ அழுதிட்டிருப்பாளோன்னு என்னால நினைச்சிட்டிருக்க முடியாதுங்க."

அக்கா வீடு வெளியூரில் இருந்தது. அவளுக்கும் குடும்பம் இருந்தது, இங்கே வந்து தங்கச் சொல்ல முடியாது. சாலையில் தொலைத்த மகளை இப்போது வீட்டில் இருந்துகொண்டே தொலைக்கப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த வாரம் கல்லூரியில் கவனிப்புப் பாடம் தொடங்கியது. மழலையர் பள்ளியில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அது செய்வதைப் பார்த்து எழுதிவர வேண்டும். சறுக்குமரத்தடியில் தனியாகவே உட்கார்ந்திருக்கும் ஒரு சுருட்டை முடிக்காரியை வேன் மாமா எடுத்துக்கொண்டார். எழுதியதை, அவரைவிட வயதில் சின்னவரான விரிவுரையாளர் படித்துப் பார்த்தார். 'முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பிடிக்கவில்லை.' இரண்டாவது வரியை அடித்தார்.

"பிடிக்கலைன்னு எங்க பார்த்தீங்க?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டாளே மேடம்."

"அது பார்த்தது. பிடிக்கலைங்கிறது நீங்களா நினைச்சது. திருப்பினதுக்கு அப்புறம் என்ன செஞ்சா?"

வேன் மாமா விழித்தார். "நான் எழுந்து போயிட்டேன் மேடம்."

"அப்ப பாதிதானே பார்த்திருக்கீங்க. தரையில உட்காருங்க, பக்கவாட்டா. கையில ஏதாவது வேலை வச்சுக்குங்க. கூப்பிடாதீங்க. நாற்காலி மாதிரி இருங்க, போதும்."

"மீசை வச்ச நாற்காலி" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் அடிபட்ட அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகத் தன் மகளைப் பற்றி மனதுக்குள் எழுதி வைத்திருந்ததும் அதே வரிதான். அதை எங்கே பார்த்தோம்?

அன்று வகுப்பு முடிந்து வந்ததும் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கல்லூரிக்கு ஒரு விளையாட்டுப் பொருள் செய்து கொண்டுபோக வேண்டியிருந்தது. சோப்பு அட்டைப் பெட்டிகளை ஒட்டி, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக்கி ஒரு ரயில் செய்யத் தொடங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. நினைப்பு குறுக்கே வரும்போதெல்லாம் அதைத் தள்ளிவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் பார்த்தார்.

மகள் அலமாரிக் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சமையலறைக்குள் வைத்து விளையாடும் பொம்மையை நிலைப்படிக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் பொம்மை நிலைப்படியைத் தாண்டி வந்தது. அவர் இருமினால் விளையாட்டை நிறுத்தினாள், இருமல் நின்றபின் தொடர்ந்தாள். காலையில் எழுந்ததும் நேரே வாசலுக்குப் போய், அவருடைய செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனாள்.

செருப்பைப் பார்த்த விஷயம் அவரை உலுக்கிவிட்டது. மனைவியிடம் கேட்டார்.

"அதுவா? நீங்க லாரியை விட்டு வந்ததுல இருந்தே பார்க்கிறாளே."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

இருக்கிறாரா என்று பார்க்கிறாளா, போய்விட்டாரா என்று பார்க்கிறாளா? அவருக்குத் தெரியவில்லை. இருக்கிறாரா என்றுதான் இருக்க வேண்டும் என்று ஏங்கினார். ஆனால் அது நினைப்பு, பார்த்தது அல்ல. அதை எழுத அவருக்கு உரிமை இல்லை.

பெரியம்மா வந்து சேர்ந்த அன்று மதியம், பிள்ளையின் பை தயாராக வாசலில் இருந்தது. மனைவி கட்டிலில் சாய்ந்து, பெரியம்மாவிடம் பாலுக்கு எவ்வளவு சர்க்கரை, எந்தப் போர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் மாமா சுவரோரமாகவே பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ரயிலுக்குக் கடைசிப் பெட்டி மட்டும் பாக்கி. நிமிர்ந்தால் கண் கலங்கியது தெரிந்துவிடும் என்று தலையைத் தூக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் ஏதோ இடித்தது. மகள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சுவரில் சாய்வதுபோல அவர்மேல் சாய்ந்திருந்தாள். கையில் பொம்மை. அவர் மூச்சை மெதுவாக விட்டார். பாழாய்ப்போன அந்த முதுகு வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சக்கரம் கோணலா இருக்கு."

"ஆமா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச அவருக்குப் பயமாக இருந்தது.

"சரி பண்ணு."

சரி செய்தார். அவசரத்தில் இன்னும் கோணலாகிவிட்டது. அவளே கையை நீட்டி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பலாம் என்று சொல்ல வந்த பெரியம்மா, அறை வாசலில் அப்படியே நின்றாள். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் பையை எடுத்துவந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். "கொஞ்ச நாள் நானே இங்க இருக்கேன் தம்பி. எங்க வீட்டுக்காரரும் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும். நான் கிளம்புறதுக்குள்ள இவ உங்ககிட்டத் தூங்கப் பழகிக்குவா."

வேன் மாமா தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் விடிவதற்குள் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாசலில் செருப்பு இருக்காது. பள்ளிக் கதவருகே சொல்லாமல் நழுவும் பெற்றோரைப் பற்றி வகுப்பில் எவ்வளவு கேட்டிருக்கிறார். அவரும் தூங்கும் பிள்ளையைத் தாண்டித் தாண்டிப் போனவர்தான்.

"நாளைக்கு நீ எழுந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன்" என்றார், ரயிலைப் பார்த்துக்கொண்டே. "அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். செருப்பும் இருக்காது. சாயங்காலம் செருப்பு வந்துடும்."

அவள் மூடியிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தாள்.

"லாரியும் வருமா?"

"வரும்" என்றார்.