கம்பெனி ஆளே சொல்லியாச்சு

முத்தையாபுரம் பக்கம் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் அப்போது டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். அது பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி என்பது எங்களில் பாதிப் பேருக்கு நினைவிலேயே இருக்காது. கண்டெய்னர் நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அண்ணன் செல்போனை நீட்டினான். இருபது வருஷம் கப்பலில் உழைத்துவிட்டு வந்தவன். டெலிகிராமில் பங்கு வாங்கச் சொல்கிறவர்களையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தான். திரையில் எங்கள் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியை வாங்கப்போகிறார்களாம்.

"ஏளா, இது நெசமா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவளிடம் ஆபீசில் யாரும் எதையும் சொல்வதில்லை என்பதை, அண்ணன் பக்கத்தில் நின்ற மதினி முன்னால் எப்படி ஒத்துக்கொள்வது?

"பேச்சு அடிபடுதுண்ணே" என்றேன்.

வீட்டு மனைக்கு வைத்திருந்த பணத்தை முழுக்க எங்கள் கம்பெனிப் பங்கில் போட்டான். அதோடும் விடவில்லை. "கம்பெனி ஆளே சொல்லியாச்சு" என்று எழுதி, அந்தக் கடிதத்தைத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினான். பங்கு மூன்று நாள் ஏறியது. நான்காம் நாள் கடிதம் போலி என்று கம்பெனி அறிவித்தது. போலீசிலும் புகார் கொடுத்தது. விலை சரிந்தது. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை.

பல மாதம் கழித்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பொய்த் தகவல் பரப்பியதாக அண்ணனுக்கு. அந்தக் 'கம்பெனி ஆள்' நான்தானா என்று கேட்டு எனக்கு. கம்பெனி வக்கீல் என்னை உட்காரவைத்து, "அவர் கேட்டாரு, நீங்க எதுவும் சொல்லல. அப்படித்தானே?" என்றார். எதிரே மானேஜர் இருந்தார். தலையாட்டினேன். விசாரணையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் தானாகக் கதை கட்டியதாக ஆயிற்று. பங்கு வாங்க விற்க அவனுக்குத் தடை, மேலே அபராதம். அந்தக் கடிதத்தைத் தயாரித்தவன் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் நாளே தன் பங்கை விற்றுக் காசாக்கியிருப்பான்.

மதினி ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. சரி, அத விடு. சொன்னத சொன்னேன்னு அங்கன போயாவது சொல்லியிருந்தா, அவுகளுக்கு இம்புட்டு வந்திருக்குமா?"

காபி போடவா என்று கேட்டேன். வேண்டாமென்று எழுந்து போய்விட்டாள்.

என் வேலை போகவில்லை. அண்ணன் ஐம்பத்தைந்து வயதில் மறுபடியும் கப்பலேறினான். அவன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஆபீசில் மூன்று பேருக்குப் பத்திரிகை வந்தது. எனக்கு வரவில்லை.