அம்மன் விரலில் கறை

றக்வானத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் சுவரில் மாமா வரைந்த மாரியம்மனைப் போட்டோ எடுத்து, அதே பாணியில் புதிதாக ஒன்று வரையச் சொல்லி ஏஐயிடம் கொடுத்தாள் என் மகள். அத்தைக்குப் பரிசாம். மாமா போய்ச் சேர்ந்து பல வருசமாகிவிட்டது.

அதே பெரிய கண்கள், அதே ரோஜா நிற விரல்கள்.

"அச்சு அசலா இருக்குல்லப்பா?"

எனக்குத்தான் சுருக்கென்றது. மாமா முதலில் அந்த விரல்களைக் கறுப்பாகத்தான் வரைந்திருந்தார். கொழுந்து எடுத்து எடுத்துக் கறையேறிய அத்தையின் விரல்களைப் பார்த்து வரைந்தவை. திருவிழாவன்று, டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற திமிரில் நான் சத்தமாகக் கேட்டேன்: "ஏன் மாமா, ஒங்க அம்மன் கை கழுவலையா?"

கூட்டமே சிரித்தது. அத்தை கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மறுநாள் அம்மனின் விரல்கள் ரோஜா நிறமாகியிருந்தன.

"விரல்களில் தேயிலைக் கறை வேண்டும்" என்று நானே எழுதிப் போட்டேன். ஏஐ மருதாணி வைத்துக் கொடுத்தது. எத்தனை தடவை மாற்றி எழுதியும் மருதாணிதான். கடைசியில் அதையே அத்தையிடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குய்யா. மருதாணி வச்சா கறை தெரியாதுல்ல. இது அந்த மனுசனுக்குத் தோணாமப் போச்சே."